அத்தான் கொண்டுவந்த போல்ட்

பெரார்கஞ்சிலிருந்து போர்ட் பிளேருக்குக் காய்கறி ஏற்றும் இந்திராணியின் பழைய பிக்கப் எப்போதும் இடது பக்கமே இழுத்தது. புது டயர் போட்டாலும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. ரோடு சரியில்லை என்றார் அக்கா புருஷன் அன்பழகன். பிறகு டயர் சரியில்லை என்றார். கடைசியில், பெண்கள் ஸ்டீயரிங் பிடிக்கிற விதமே சரியில்லை என்றார். அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்துகிற அவருக்கு, கப்பல் இன்ஜின் முதல் கருவாட்டுக் குழம்பு வரை தெரியாத விஷயமே கிடையாது.

போர்ட் பிளேரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பட்டறையும் வைத்திருந்த அப்துல் ஹாதி வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்கிற கேம்பர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண போல்ட் மாட்டியிருந்தது.

"இது யாரு பண்ண வேலைம்மா?"

இந்திராணிக்கு உடனே புரிந்தது. போன மழைக்காலத்தில், தானே சர்வீஸ் செய்து தருவதாக வண்டியை ஓட்டிப்போனவர் அத்தான்தான். பெயரைச் சொல்லவே அவளுக்குக் கூசியது. வீட்டு ஆள் என்று மட்டும் சொன்னாள்.

அந்த மாடல் வருவது நின்று பல வருஷமானதால் ஹாதியிடம் போல்ட் இல்லை. மெயின்லேண்டில் தனக்கு ஆள் இருப்பதாக அன்பழகன் மார்தட்டினார். அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று இழுத்தடித்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். வேறு ஏதோ காரின் போல்ட். துளைக்குள் லொடலொடவென்று ஆடியது.

"துணி சுத்தி அடிச்சா உக்காந்துடும்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இந்திராணி அந்த முகத்தையே பார்த்தாள். இந்த ஆளுக்குப் பயந்துதானா அக்கா வீட்டில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைக்கிறார்கள்? நினைக்கச் சிரிப்புத்தான் வந்தது.

தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், அதே மாடல் ஒன்று செத்துக் கிடப்பதாக ஹாதி விசாரித்துச் சொன்னார். அவள் தீவுக்குத் தீவு போகிற கப்பலான ஜஹாஜில் ஏறினாள். வண்டியின் சொந்தக்காரி சொர்ணம்மா அதைக் கோழிக்கூண்டாக்கி வைத்திருந்தாள். பாடி இருந்தால் போதும், கீழே எதை வேண்டுமானாலும் கழற்றிக்கொள் என்றாள். இந்திராணி கோழி எச்சத்தில் சாக்கை விரித்துப் படுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினாள். துரு மேலோடு இருந்தது. உள்ளே கிரீஸ் காப்பாற்றியிருந்தது.

ஹாதி அதை மாட்டி அலைன்மென்ட் பார்த்ததும் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே வந்திருந்த விருந்தாளிகளிடம் அன்பழகன், ஹட் பேயில் தேடிப் பிடித்து அந்தப் போல்ட்டை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டும் குரல் தணியவில்லை. சிமெண்ட் எடுக்க வேண்டும், சாவியைக் கொடு என்று கையை நீட்டினார்.

"வேணாம் அத்தான். இனி என் வண்டில நீங்க கை வைக்காதீங்க."

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். விருந்தாளிகள் டீயைப் பார்த்தார்கள். கொழுந்தியாள் பெரிய மெக்கானிக் ஆகிவிட்டாள் என்று சொல்லி அவர் தனியாகச் சிரித்தார்.

இந்திராணி வெளியே வந்து வண்டியில் ஏறினாள். அவர் பின்னாலேயே ஓடிவந்து வண்டிக்குப் பின்புறம் நின்று, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டினார். வழி முன்னால்தான் இருந்தது. அவள் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் முதல் கியரைப் போட்டாள்.