நூற்று அறுபத்து நாலு சதவீதம்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சத்தியம். ஒரு சத்தியம் போதாதென்றால் அதன் தலையில் இன்னொரு சத்தியமும் வைத்தாயிற்று. நம்பச் சிரமமான பகுதிகளைப் படிப்பவர்களின் நலன் கருதி நீக்கியும் ஆயிற்று.

மின்சார அலுவலகத்திலிருந்து வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கும் மனிதருக்கு ஊரே வைத்த பெயர் மீட்டர். வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாகக் குன்றின் மேலிருக்கும் இருநூறு வீடுகளும் அவர் பொறுப்பு. கனமான கறுப்பு சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துத்தான் மேடு ஏறுவார். அதில் கெண்டைக்கால் எப்படி இறுகிவிட்டதென்றால், ஆசைப்பட்டுக் கடித்துப் பார்த்த கொசு ஒன்று மூக்கு வளைந்துபோய் வீடு திரும்பியது.

அந்த வருடம் அலுவலகத்தில் மிதி சைக்கிள்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மின்சார சைக்கிள் கொடுத்தார்கள். கூடவே பொறியாளர் அம்மா ஒரு விதியும் போட்டார். சுற்று முடித்துத் திரும்பும்போது பேட்டரியில் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். மூன்று நாள் அவகாசம். அதற்குள் ஒரு நாளாவது அப்படி வந்து காட்டாதவருக்குப் புகார் மேசை.

புகார் மேசை என்பது ஜன்னல் இல்லாத மூலையில் ஒரு நாற்காலி. எதிரே கரண்டு போன கோபத்தில் வரிசையில் நிற்கும் ஊர். முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், "இன்னும் அரை மணியில வந்துரும்" என்றுதான் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். வெயிலிலும் காற்றிலும் திரிந்த மீட்டருக்கு அந்த மூலையை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அவர் மனைவியின் தம்பி மின்சார சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, புது வண்டியின் பெருமையை அளந்தான். வேர்க்காதாம், முட்டி தேயாதாம், சட்டை கசங்காதாம். மீட்டரால் பொறுக்க முடியவில்லை.

"மிதிக்காம போறதுக்குப் பேரு சைக்கிளா மாப்ளே? அது சக்கரம் வச்ச கட்டில்."

"நாக்குத் தள்ள ஏறினாத்தான் சைக்கிள்னு யாரு மாமா சொன்னா? கால சும்மா வச்சுக்கிட்டு உட்காருங்க. மோட்டார் பாத்துக்கும்."

மீட்டரின் மனைவி தன் கவலையே வேறு என்றாள். "இவரு புகார் மேசைக்குப் போயிட்டா, அப்புறம் நான் ஏதாச்சும் சொல்லணும்னாகூட வரிசையில நின்னுல்லடா சொல்லணும்?"

முதல் நாள் மாப்பிள்ளை சொன்னபடியே காலைச் சும்மா வைத்துக்கொண்டு போனார். ஆனால் ரீடிங் எடுப்பவரின் பயணம் மற்றவர்களுடையதைப் போன்றதல்ல. இருபது அடிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொரு வாசலிலும் நின்ற நிலையிலிருந்து மேட்டில் கிளம்பவே மோட்டார் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்தது. திரும்பி வந்தபோது எட்டு சதவீதம். இரண்டாம் நாள் கடைசி வீட்டுக்கு முன்பே பூஜ்யம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பொறியாளர் அம்மா புகார் மேசை நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அடிவாரத்தில் மீட்டர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கால்கள்தான் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம். மேட்டைக் கண்டதும் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கின. மோட்டார் கொஞ்ச தூரம் போட்டி போட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. கொடுத்த கரண்டெல்லாம் பேட்டரிக்கே திரும்பி வர ஆரம்பித்தது. திரையில் எண் குறைவதை விட்டுவிட்டு ஏறியது. நூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது. விளக்கு தானாக எரிந்தது. மணி தானாக அடித்தது. தினமும் துரத்தும் நாய் குரைத்து முடிப்பதற்குள் அவர் மூன்று தெரு தாண்டிவிட்டார். மிச்சமிருந்த குரைப்பை அது பின்னால் வந்த பால் வண்டிக்குக் கொடுத்தது.

அந்த வேகத்தில் ஒரே ஒரு பிசகு. உச்சியில் இருக்கும் கடைசி வீட்டில் அவர் எடுத்தது அடுத்த மாத ரீடிங். அந்த வீட்டு அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, தேதி இடிக்கிறதே என்றார். மீட்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய், வண்டியை மெதுவாக உருட்டி வந்து இந்த மாதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகம் சேர்ந்தபோது திரையில் நூற்று அறுபத்து நாலு. பொறியாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நூற்று அறுபத்து நாலுதான். வண்டியைச் சார்ஜரில் மாட்டினார். கரண்டு வண்டிக்குள் போகவில்லை. வண்டியிலிருந்து கட்டடத்துக்குள் போனது. மின்விசிறிகள் சுழன்ற சுழற்சியில் ஒரு வருடக் கோப்புகள் கூரைக்கு ஏறின. சுவரிலிருந்த அலுவலக மீட்டர் பின்பக்கமாக ஓடியது.

புகார் மேசையிலிருந்து தப்பியாயிற்று என்று மீட்டர் மூச்சு விடுவதற்குள் அம்மாவுக்குப் புது யோசனை உதித்துவிட்டது.

"அண்ணே, இனிமே நீங்க வெயில்ல அலைய வேண்டாம். உள்ளயே ஸ்டாண்டு போட்டுத் தர்றேன். உட்கார்ந்து மிதிங்க. ஆபீஸுக்கே கரண்டு."

புகார் மேசையை நகர்த்திவிட்டு அதே மூலையில் ஸ்டாண்டை வைத்தார்கள். மீட்டர் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரம் மிதித்தார். முகம் சிவந்தது, வேர்வை ஊற்றியது, ஒரு டார்ச் பல்புகூட எரியவில்லை. வண்டியில் கோளாறா என்று பார்க்க மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அவன் மோட்டாரைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான், கடைசியில் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மேடம். மாமா காலுக்குத்தான் மேடு வேணும். சமதரையில அதுக்கு மறதி வந்துரும்."

"நாலு சுவத்துக்குள்ள மறதி இன்னும் ஜாஸ்தி" என்றார் மீட்டர்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, குன்றுச் சுற்றின் ரீடிங் புத்தகத்தை மீட்டரிடமே நீட்டினார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை விடவில்லை. இப்போதாவது மின்சார சைக்கிள் நல்ல வண்டிதான் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி நச்சரித்தான்.

"நல்ல வண்டிதான் மாப்ளே," என்றார் மீட்டர். "மிதிச்சா."

மறுநாள் காலையிலிருந்து குன்று பழையபடி அவருடையது.

இதில் சேர்க்க வேண்டிய விவரம் ஒன்றுதான்: மீட்டருக்கு இன்றுவரை எந்த சைக்கிளும் ஓட்டத் தெரியாது, குன்றுக்கு நடந்துதான் போய்வருகிறார்.