சாந்தாவின் தலைச்சிக்கு

மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத்தான் பூவம்மாளின் கையில் அது தட்டுப்பட்டது.

அம்மை கண்டு படுத்த பிள்ளைக்கு இருபத்திரண்டு நாளாகத் தலையில் எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. வைக்கக் கூடாது. மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்து, ஏழு வயது சாந்தாவைக் கொல்லையில் கல்லின்மேல் உட்காரவைத்து ஈரத்தைத் துவட்டும்போது பிடரிக்கு மேலே ஏதோ கெட்டியாக இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தாள். ஒரு கைப்பிடி அளவுக்கு முடி ஒன்றாகத் திரண்டு, கம்பளித் துண்டை மடித்து ஒட்டவைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. விரல் நுனிகூட உள்ளே போகவில்லை.

சாந்தாவின் முடி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அடர்த்தியென்றால் அடர்த்தி, சுருட்டையென்றால் சுருட்டை. காலையில் படிய வாரிவிட்டால் மத்தியானத்துக்குள் நான்கு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். உத்தனப்பள்ளிக் கடைவீதிக்குக் கூட்டிப்போனால் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள். அதைப் படியவைக்கப் பூவம்மாள் செய்யாதது ஒன்றுமில்லை. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினாள். ஈரத்தோடு துணியால் இறுக்கிக் கட்டிப் படுக்கவைத்தாள். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ராகிக் கஞ்சித் தெளிவைத் தடவி வெயிலில் உட்காரவைத்தாள். முடி என்னவோ பலகை மாதிரி படிந்தது. ஆனால் பந்தியில் பிள்ளை உட்கார்ந்ததும் தலையில் எறும்பு ஏறிவிட்டது. கடைசியில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். தினமும் விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தடவி, தலையை எட்டுப் பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே வந்து வாருவது. பிள்ளை அழுதாலும் விடமாட்டாள். ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அழகுக்காக மட்டும் இல்லை அது. பயம்.

அந்த வீட்டில் அவள் புருஷன் திம்மராயனின் அக்கா வெள்ளையம்மா இருந்தாள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புருஷனை இழந்தவள். அவளுக்கு ஒரே மகள், சென்னம்மா. ஒன்பது வயதில் சென்னம்மாவின் தலையில் முடி இப்படித்தான் திரண்டு சடை விழுந்தது. அம்மன் ஆளைக் கேட்கிறாள் என்று சொல்லி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த கோயிலில் முத்து கட்டி அம்மனுக்கே விட்டுவிட்டார்கள். கல்யாணம் கிடையாது, வீடு கிடையாது. பதினாறு வயதில் யாரோ கூட்டிப்போனார்கள் என்று கேள்வி. அதெல்லாம் முத்து கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முன்னால், பூவம்மாள் மருமகளாக வருவதற்கும் முன்னால். சென்னம்மா என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

பூவம்மாள் துணியைப் பிள்ளையின் தலையில் போட்டு மூடுவதற்குள் வெள்ளையம்மா வந்துவிட்டாள். பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

"தாயி வந்துட்டா" என்றாள்.

"சிக்குதான் அக்கா. இத்தினி நாளா வாரலை இல்ல, அதான்."

"நானும் இப்பிடித்தான் சொன்னன் பூவா. சிக்குன்னு சொல்லிக் கத்திரியை வெச்சன். வெச்ச நாலாம் நாளு காட்டுக்குப் போன எம் மனுசன் பொணமாத்தான் வந்தாரு. பாம்பு." வெள்ளையம்மா சாந்தாவின் முகத்தைப் பார்த்தாள். "இந்தப் புள்ளைய சாக விட்டுட மாட்டன் நானு. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

சாயங்காலம் திம்மராயன் ஏர் ஓட்டிவிட்டு வந்ததும் பூவம்மாள் அவனைத் தனியாகப் பிடித்தாள். "சட்டம் வந்திருக்குது, முத்து கட்டினா ஜெயிலுன்னு நீங்கதான சொன்னீங்க? அக்காகிட்ட சொல்லுங்க."

அவன் சொல்லத்தான் செய்தான். வெள்ளையம்மா ஒரே கேள்வி கேட்டாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சட்டமாடா வந்து உக்காந்து பாக்கும்?" திம்மராயன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் பயம்தான். அக்கா புருஷனின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் அந்தக் கோயிலைச் சேர்ந்த நாராயணம்மாவுக்கு ஆள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன் என்று பதில் வந்தது. அவள் வந்து அந்தச் சடையில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டால் அவ்வளவுதான். அதன் பிறகு பிள்ளை அம்மனுடையது. சனி, ஞாயிறு, திங்கள். மூன்றே நாள்.

பூவம்மாள் சமையலறை வாசலில் போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் வெள்ளையம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறன். தாயி போட்ட சடைன்னா மனுச விரலுக்குப் பிரியாது இல்ல?"

வெள்ளையம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"நான் கத்தி வெக்க மாட்டன். கத்திரி வெக்க மாட்டன். விரலாலயே பிரிக்கறன். பிரியலைன்னா அது அவளுது, நான் வாயத் தெறக்க மாட்டன். பிரிஞ்சிதுன்னா அது வெறும் மயிரு, என் புள்ள என்னுது."

அடுப்பில் களி கிண்டிய துடுப்பு அப்படியே நின்றது. கடைசியில், "ஒரு முடியகூட அறுக்கக் கூடாது. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பன்" என்றாள்.

அன்றே தொடங்கினார்கள். கொல்லையில் புங்கமர நிழலில் சாந்தா நடுவில், பின்னால் பூவம்மாள், பக்கத்தில் காவலாக வெள்ளையம்மா. இளஞ்சூட்டில் விளக்கெண்ணெயை ஊற்றி ஊற்றி அந்தக் கட்டியை ஊறவைத்தாள். வறண்ட முடியில் கை வைத்தால் இன்னும் இறுகும் என்பது ஏழு வருஷத்தில் அவள் கை படித்த பாடம். கம்பளி நெய்கிறவர்கள் ஆட்டுமயிரைப் பிரிப்பதையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். இழுக்க மாட்டார்கள். ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாகத் தளர்த்துவார்கள். அதே மாதிரி ஓரத்தில் தொடங்கினாள். விரல் போகாத இடத்தில் சாக்குத் தைக்கும் கோணி ஊசியை விட்டு நெம்பினாள். அந்த ஊசியைக்கூட வெள்ளையம்மா வாங்கி, முனை மழுங்கல்தானா என்று உள்ளங்கையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

சாயங்காலம்வரை பிரித்தது ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஒரு இழை வந்தால் அதோடு நான்கு இழை சிக்கிக்கொண்டது. சாந்தா முதலில் கத்தினாள், பிறகு முனகினாள், அப்புறம் மடியில் கவிழ்ந்து தூங்கிப்போனாள். எழுந்ததும் கேட்டாள்: "அம்மா, என்னை எந்த ஊருக்கு அனுப்புவீங்க?"

"யாரு சொன்னது?"

"தெருவுல சொன்னாங்க. அத்த மக மாதிரி நானும் போயிடுவனாம். நீயும் கூட வருவியா?"

வெள்ளையம்மா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேகம் கூடியது. ஓரங்கள் தளர்ந்து, எண்ணெயில் மினுங்கும் சுருள்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. பிரித்த முடி மறுபடி சிக்கிவிடாமல் அதை அவ்வப்போது சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி நூலால் கட்டினாள். நகக்கண்ணெல்லாம் வீங்கிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையின் நெற்றி சுட்டது. பகலெல்லாம் வெளியில் உட்கார்ந்த சூடா, காய்ச்சலா தெரியவில்லை. பூவம்மாள் தொட்டாள், தன் நெற்றியைத் தொட்டாள், மறுபடி பிள்ளையைத் தொட்டாள். நிமிர்ந்தபோது வெள்ளையம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் பூவம்மாளை உலுக்கியது. நான்தான் என் பிள்ளையை வதைக்கிறேனோ, விட்டிருந்தால் உயிரோடாவது எங்கேயோ இருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள். ஒரு சொம்பு மோர் குடித்துப் படுத்த பிள்ளைக்குச் சாமி விளக்கேற்றும் நேரத்துக்குள் சூடு தணிந்தது. அதன் பிறகே பூவம்மாள் ஒரு வாய் களி தின்றாள்.

திங்கட்கிழமை இருட்டும்போது முக்கால்வாசி பிரிந்திருந்தது. நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் மிச்சம். அது எண்ணெயையும் குடிக்கவில்லை, ஊசிக்கும் வழிவிடவில்லை. கல் மாதிரி இருந்தது.

"அது பிரியாது பூவா" என்றாள் வெள்ளையம்மா. "அதுதான் அவ இருக்கற எடம்."

செவ்வாய்க்கிழமை விடியும்போதே பூவம்மாள் பிள்ளையைக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெயில் ஏறியதும் ராகிக் காட்டு வரப்பில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. தலையில் கூடை, கழுத்தில் முத்துமாலை. நாராயணம்மாதான். இன்னும் நாலைந்து வயலைக் கடந்தால் வீடு.

பூவம்மாளின் விரல்கள் வழுக்கின. ஊசி நழுவிக் கீழே விழுந்தது. கண் தானாகக் கூரைச் சரிவில் செருகியிருந்த அரிவாளுக்குப் போனது. ஒரே இழுப்புதான். நெல்லிக்காய் அளவு. யாருக்குத் தெரியும்? எட்டிக் கை வைத்தேவிட்டாள்.

வெள்ளையம்மாவின் பிடி அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"வேணாம்டி. வேணாம். உன் தாலிய நெனைச்சுப் பாரு."

"பின்ன நீங்க பிரிங்க!" பூவம்மாள் கத்திவிட்டாள். "மூணு நாளா பாத்துட்டே இருக்கீங்களே. ஒரு விரல வெச்சீங்களா? என் கை ஓஞ்சி போச்சி. நீங்க பிரிச்சிப் பாருங்க. பிரியலைன்னா நானே தூக்கிக் குடுத்துடறன்!"

சாந்தா அழத் தொடங்கினாள். வெள்ளையம்மா பூவம்மாளின் கையை விட்டாள். பிறகு பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அந்த முடிச்சைத் தொடும்போது அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது, மன்னிப்புக் கேட்டிருப்பாள். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்து, அவரைக்காயைப் பிதுக்குகிற மாதிரி அழுத்தினாள். களை பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள். ஒருதரம் அழுத்தினாள், திருப்பி வைத்து இன்னொருதரம் அழுத்தினாள். உள்ளே எதுவோ முறிந்த சத்தம் பூவம்மாளுக்கே கேட்டது.

முடிச்சு தளர்ந்தது. வெள்ளையம்மா நகத்தால் கிளறி உள்ளேயிருந்ததை வெளியே இழுத்தாள். காய்ந்துபோன ஒரு வேப்பிலை ஈர்க்கு. இரண்டாக ஒடிந்து, சுற்றிலும் முடி நூல் மாதிரிச் சுற்றியிருந்தது. அம்மை வார்த்த பிள்ளையைப் படுக்கவைத்த பாயில் பரப்பிய வேப்பிலைதான். தலையணையில் பிள்ளை புரளப் புரள முடியை அது தன்மேல் சுருட்டிக்கொண்டே போயிருக்கிறது.

பூவம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெள்ளையம்மா மட்டும் அந்த ஈர்க்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி இருந்தாள்.

"சென்னம்மாவுக்கும் அம்மைதான்" என்றாள். பல வருஷம் கழித்து அந்தப் பெயரை அவள் வாய் சொன்னது. "நான்தான் வேப்பிலைய ஒடிச்சாந்து போட்டன். நெறையப் போட்டன்."

வாசலில் நாராயணம்மாவின் குரல் கேட்டது. வெள்ளையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பூவம்மாள் கட்டியிருந்த பின்னல்களை அவசர அவசரமாக அவிழ்த்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நாராயணம்மா கூடையை இறக்கிவிட்டு, "எல்லிம்மா மகு?" என்று கன்னடத்தில் கேட்டாள், பிள்ளை எங்கே என்று. வெள்ளையம்மா பூவம்மாளுக்குக் கண் காட்டினாள். பூவம்மாள் மரச்சீப்பை எடுத்து உச்சியில் வைத்தாள். பாதியில் சீப்பு ஒருதரம் நின்றது. மெல்லத் தளர்த்தி இழுத்தாள். சீப்பு நுனிவரை இறங்கிக் கையோடு வந்துவிட்டது.

நாராயணம்மா பிள்ளையின் முடிக்குள் தானும் விரலை விட்டுப் பார்த்தாள். "பிரியற முடிய நாங்க கேக்கறதில்ல தாயி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "வெயில்ல நடந்து வந்தன், மோரு இருந்தா குடு."

மோரைக் கொடுத்துவிட்டு வெள்ளையம்மா அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள். "எம் பொண்ணு எங்க இருக்கறா?"

நாராயணம்மா சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா உனக்கு?" அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனேக்கல்ல பட்டுநூல் இழுக்கற எடத்துல வேல செய்யறான்னு போன உகாதிக்கு ஒருத்தி சொன்னா. இருக்கறாளோ என்னவோ."

மறுநாள் காலையில் வெள்ளையம்மா ஓசூர் பஸ்ஸில் ஏறிப் போனாள். ஓசூரில் வேறு பஸ் மாறி, ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஆனேக்கல்லுக்கு விசாரித்துப் போக வேண்டும். அந்தப் பக்கம் அவள் முத்து கட்டின அன்றைக்குப் போனதுதான். திம்மராயன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் போன நாளிலிருந்து பூவம்மாளுக்கு இரண்டு கவலை. ஒன்று, வழி தெரியாமல் போனவள். இன்னொன்று, புருஷன் காட்டுக்குப் போய்த் திரும்பும்வரை வாசலையே பார்ப்பது. அறுக்கவில்லை, அறுக்கவில்லை என்று எத்தனைமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அரிவாள்மேல் கை வைத்தது நெஞ்சில் உறுத்தியது. நாலாம் நாளும் திம்மராயன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்று அவள் அவனிடம் வேண்டுமென்றே சண்டை போட்டாள், ஏன் இவ்வளவு நேரம் என்று.

ஆறாம் நாள் வெள்ளையம்மா தனியாகத்தான் திரும்பி வந்தாள். கால் கழுவிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். பூவம்மாள் களியும் கீரைக் குழம்பும் வைத்துக் காத்திருந்தாள்.

"பாத்தன்" என்றாள் வெள்ளையம்மா. "தலையில ஒரு முடி இல்ல. மழிச்சிக்கிட்டு இருக்கறா. பட்டுக்கூடு அவிக்கற வெந்நித் தொட்டிக்கிட்டயே நின்னு நின்னு கையெல்லாம் வெந்து கெடக்குது. மூணு நாளு எங்கிட்ட ஒரு வார்த்த பேசலை. வாசல்லயே உக்காந்திருந்தன். நாலாம் நாளு ஒரு தட்டுல சோறு போட்டு வெச்சிட்டு உள்ள போயிட்டா."

"வரச் சொல்லிக் கேட்டீங்களா?"

"எந்த வாயோட கேக்கறது?" அவள் களியைப் பிட்டாள், வாயில் வைக்கவில்லை. "பொறப்படறப்ப அவளாவே கேட்டா, மறுபடி எப்ப வருவேன்னு. மாசம் பொறந்ததும் வரேன்னேன். சொல்லிட்டு வந்துட்டன் பூவா. ஆனா திரும்பப் போயி நிக்கறதுக்கு இப்பவே கை கால் ஓடலை. நீ கூட வரியா?"

கொல்லையில் சாந்தா தோழிகளோடு கூச்சலிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வாரிவிட்ட தலை அதற்குள் கலைந்து காற்றில் பறந்தது.

"புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போலாம்க்கா" என்றாள் பூவம்மாள். "சாப்பிடுங்க மொதல்ல."