பூசணித் தராசு

"இன்னும் கொஞ்சம் மூச்ச உள்ள இழு" என்றாள் ஹெய்லாலா.

லுசியானே இழுத்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டிய தாழம்பாயின் மேல் கட்டும் கயிற்றின் இரண்டு முனைகளும் அப்போதும் சேரவில்லை. ஆலய மணி இரண்டாம் முறை அடித்துவிட்டது. இடுப்பில் பாய் கட்டாமல் ஆலயத்துக்குப் போவது எங்கள் தோங்காத் தீவில் அரைகுறையாக உடுத்திப் போவதற்குச் சமம்.

"பசங்களா, கொல்லையில பன்னி கட்டுற கயிறு இருக்கும். எடுத்துட்டு வாங்க" என்றாள் ஹெய்லாலா. பிள்ளைகள் சிரித்தார்கள். லுசியானேயும் சிரித்து வைத்தாள். சிரிக்காமல் இருந்தால் அழ வேண்டியிருக்கும்.

ஹெய்லாலா அவள் கணவனின் அக்கா. எங்கள் குடும்பங்களில் தகப்பனைவிட அத்தை பெரியவள். கல்யாணமானாலும் சாவானாலும் அவள் வைத்ததுதான் சட்டம். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த கணவன் ஃபெலேதிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி நுழைவது மரியாதையில்லை, அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுவது அதைவிட மோசம். அவன் உட்கார்ந்த நாற்காலி அவன் பாரத்தில் முனகிக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளை பருத்தால் அதற்குக் கம்பீரம் என்று பெயர். அவன் சபையின் நிர்வாகி வேறு.

அன்று ஆராதனை முடிந்ததும் ஹெய்லாலா மாதர் சங்கத்தின் புதிய திட்டத்தை அறிவித்தாள். சனிக்கிழமைதோறும் சபைக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் எடை பார்க்க வேண்டும். வருஷக் காணிக்கை நாளில் எந்தக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்று மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். குறைவாகக் கொடுத்தவர்கள் தலை குனிந்துகொள்வார்கள். எடையையும் அப்படியே வாசித்துவிட்டால் பெண்கள் ஒழுங்குக்கு வருவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். போதகர் தலையாட்டினார். ஆண்களை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கிய எடைக் கருவி லுசியானே ஏறியதும் எண் காட்டாமல் நின்றுவிட்டது. ஹெய்லாலா அசரவில்லை. ஏற்றுமதிக்குப் பூசணிக்காய் நிறுக்கும் கொட்டகையிலிருந்து தராசைத் தூக்கி வரச் சொன்னாள். அது வரும்வரை லுசியானே கூடத்தின் நடுவில் செருப்பில்லாமல் நின்றாள். வந்த தராசின் மூலையில் மண்ணும் காய்ந்த பூசணிக் கொடியும் ஒட்டியிருந்தன. அவள் ஏறினாள். எண் மைக்கில் வந்தது. பின்வரிசையில் யாரோ, இந்தக் காயை ஜப்பானுக்கு அனுப்பக் கப்பல் தாங்காது என்றார்கள். கூடமே குலுங்கியது. தன் உடம்பைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிட முடிந்தால் லுசியானே ஓடியிருப்பாள்.

அவள் அதிகம் தின்று பருத்தவள் அல்ல. நாற்பத்தாறு வயதில் மாதவிலக்கு தாறுமாறானது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்தது, தூக்கம் போயிற்று, வயிறு பெருத்தது. அதே சமயம் சர்க்கரை நோய் முற்றி இன்சுலின் ஊசி போட வேண்டியதாயிற்று. ஊசி ஆரம்பித்தபின் எடை இன்னும் ஏறியது. ஊசியாலும் வயசு மாற்றத்தாலும் இப்படி ஆவதுண்டு, இது உங்கள் தப்பில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதை லுசியானே வீட்டில் ஒருநாள் சொல்லவும் செய்தாள். "ஊசி என்ன கெழங்கா மாட்டுக்கறியா, சதை போடுறதுக்கு?" என்று கேட்டாள் ஹெய்லாலா. அதற்குப் பின் லுசியானே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பட்டினி கிடந்து பார்த்தாள். ஊர் எழுமுன் கடற்கரையில் நடந்து பார்த்தாள். ஒன்றும் இறங்கவில்லை.

ஒருமுறை கப்பல் பிந்தியதால் ஆஸ்பத்திரியில் இன்சுலின் தீர்ந்துபோனது. சில நாள் ஊசி இல்லை. அந்தச் சனிக்கிழமை தராசு முள் கீழே இறங்கியிருந்தது. கூடம் கைதட்டியது. வீட்டில் ஃபெலேதி தன் தட்டிலிருந்து நல்ல மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். எவ்வளவோ காலத்துக்குப் பின் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

கப்பல் வந்தது, மருந்தும் வந்தது. லுசியானே அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

அதன்பின் வாராவாரம் கைதட்டல்தான். இடுப்புக் கயிறு தாராளமாகச் சுற்றியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. பாட்டுப் புத்தகத்தின் எழுத்துகள் மங்கின. கால் கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் நீர் வடிந்தது. அவள் அதைச் சாக்சுக்குள் ஒளித்தாள். பருத்திருந்தபோது உடம்பை நினைத்து வெட்கம், இளைத்தபின் பொய்யை நினைத்து வெட்கம். என்ன ஆனாலும் வெட்கம் மட்டும் அவளை விடவில்லை.

திட்டத்தின் கடைசிச் சனிக்கிழமை பரிசளிப்பும் விருந்தும். அதிகம் இளைத்தவள் லுசியானே. பரிசாக ஒரு பெட்டி நிறையக் கொழுப்பு வழியும் ஆட்டிறைச்சி கொடுத்தார்கள். இதில் இருந்த வேடிக்கை அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஹெய்லாலா மைக்கை அவள் கையில் கொடுத்து, ஆண்டவர் எப்படி உதவினார் என்று சாட்சி சொல்லச் சொன்னாள்.

முன்வரிசையில் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லுசியானேக்கு அந்த முகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. அதனால்தானோ என்னவோ தைரியம் வந்தது.

"ஆண்டவர் ஒண்ணும் செய்யல" என்றாள். "நான் இன்சுலின் ஊசிய நிறுத்திட்டேன். அதான் எளச்சேன். இது எளைப்பு இல்ல, நோவு. நீங்க சிரிச்சத என்னால தாங்க முடியல."

ஃபெலேதி வாசல் பக்கம் நின்று தரையைப் பார்த்தான். ஹெய்லாலா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"புள்ள சந்தோஷத்துல என்னமோ பேசுது" என்றாள். "வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கலாம். எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். போதகர் ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார், ஊர் நாலு குரலில் அழகாகப் பாடியது.

பந்தி உட்கார்ந்தது. சுட்ட பன்றி, கிழங்கு, தேங்காய்ப் பாலில் வெந்த கறி. போதகரும் ஹெய்லாலாவும் பந்தியின் முதலிடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உண்டு முடித்து எழும்வரை வேறு யாரும் எழக்கூடாது. லுசியானே எதையும் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். குடும்ப மானத்தைக் கப்பலேற்றியவள் பக்கத்தில் உட்காரவும் கூசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது லூபே நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். தச்சர் வீட்டு மருமகள், இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தாய். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மாத்திரை தொடங்கியபின் உடம்பு வைத்து, லுசியானே இளைத்தபின் எடைப் பட்டியலில் கடைசி இடத்துக்கு வந்தவள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று லுசியானேக்குக் கண் நிறைந்தது.

"அக்கா" என்றாள் லூபே, உதடு அசையாமல். "ஊசிய நிறுத்துனா எளைக்கும்னு சொன்னீங்கல்ல. வலிப்பு மாத்திரைய நிறுத்துனாலும் எளைக்குமா?"

தராசின் மேல் நின்றபோதுகூட லுசியானேக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

"எப்ப நிறுத்துன?" என்றாள்.

"திங்கக்கிழமைலேந்து. போன வாரமும் நான்தான் கடைசி."

லுசியானே கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். காயம்பட்ட கால் சுரீரென்றது. லூபேயின் கையைப் பிடித்து அவளையும் எழுப்பினாள். போதகர் பன்றித் தோலைக் கடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"லுசியானே, உக்காரு" என்றாள் ஹெய்லாலா. "பெரியவங்க இன்னும் சாப்புட்டு முடிக்கல."

"நீங்க மெதுவா சாப்புடுங்க அண்ணி" என்றாள் லுசியானே. "நாங்க நர்ஸ் வீட்டுக்குப் போறோம்."

பந்தியின் நடுவே இருவரும் நடந்தார்கள். வழியில் உட்கார்ந்திருந்த பெண்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். வாசலில் நின்ற ஃபெலேதி அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், வாசலை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றான்.