ஐந்தாம் பீரியட்

"மூணாம் பீரியடுக்கு எரிமலை. பக்கம் நாப்பத்திரண்டு. அடிச்சிட்டியா?" என்றான் ஆல்வின்.

கிளெனிஸ் லேப்டாப்பில் அடித்தாள். மணி ஏழு ஐந்து. சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த கணவனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. வலி என்று ஆறு மணிக்கே அவளை எழுப்பிவிட்டான்.

"போதும் ஆல்வின். ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

"ஏழரைக்குள்ள அனுப்பலைன்னா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ப்ரோபர்ட் அம்மா ரூமுக்குக் கூப்பிட்டு நிக்க வைப்பா. இன்னும் ரெண்டுதான்."

லீவு போடுகிற வாத்தியார் அன்றைய வகுப்புகளுக்கெல்லாம் வேலை எழுதி அனுப்பிவிட்டுத்தான் படுக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கும் அதே சட்டம்தான், கண்றாவி! கிளெனிஸும் இருபது வருஷம் டீச்சராக இருந்தவள். காய்ச்சலோடு வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டே எழுதி அனுப்பியவள். அதனால் அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

நாலாவதையும் அனுப்பினாள்.

"கடைசி, ஒன்பது சி" என்றான். "நான் போர்டு பக்கம் திரும்பினாலே நாய் மாதிரி குரைப்பானுங்க. ரெண்டு வருஷமா குரைக்கிறானுங்க, கிளெனிஸ். இன்னிக்கு வர்ற டீச்சர் புதுசு. சின்னப் பொண்ணு, கிழிச்சுத் தோரணம் கட்டிடுவானுங்க. யார் எங்க உட்காரணும்னு எழுதிடு. ரீஸ் முன் பெஞ்சு. டிலனை..."

"டிலனை?"

அவள் விரல்களைக் கீபோர்டில் வைத்துக் காத்திருந்தாள்.

"டிலனை எங்க உட்கார வைக்கணும்?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி கேட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

கூப்பிட்ட ஏழு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஏழே நிமிஷம்! இரண்டு பேர் அவன் சட்டையைக் கிழித்து நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பள்ளி ஆபீஸ் பெண்.

"மிஸஸ் ப்யூ, சார் நாலு வகுப்புக்குத்தான் அனுப்பியிருக்கார். ஒன்பது சி வரலையே?"

"அனுப்புறேன்" என்றாள் கிளெனிஸ், பழக்க தோஷத்தில்.

"தேங்க்ஸ். சாரை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

எட்டு இருபதுக்கு அமுக்குவதை நிறுத்தினார்கள். வயதான ஆம்புலன்ஸ்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா..." பேனாவை எடுத்தார். "வலி எப்ப ஆரம்பிச்சது?"

மேஜையில் லேப்டாப் திறந்தே கிடந்தது. நான்கு மெயில்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் அனுப்பிய நேரம்.

"இப்பதான்" என்றாள் கிளெனிஸ். லேப்டாப்பை மெல்ல மூடினாள்.