டீயோடு வரும் மாத்திரை

ஓசூரில் இரும்பு வார்க்கும் அந்த பவுண்டரியில் பத்து மணி டீ வந்தால் கூடவே மாத்திரையும் வரும். முதலுதவிப் பெட்டிச் சாவி சுடலைமுத்துவிடம் இருந்தது. அச்சுப்பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன ஆட்களுக்கு, டீ கிளாஸோடு ஆளுக்கொரு வலி மாத்திரை நீட்டுவார். வடையை வேண்டாமென்றவன் உண்டு, மாத்திரையை வேண்டாமென்றவன் கிடையாது. கெலமங்கலத்து மாதப்பனுக்கு மட்டும் இரண்டு. சுடலைமுத்துவுக்கு அவன் கூடப்பிறக்காத தம்பி.

மாதப்பனுக்கு கிட்னி பாதிக்கு மேல் போயிருந்தது. பிரஷருக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று என்று மாத்திரை கொடுத்து, டயாலிசிஸ் மிஷினில் ஏற்றாமல் ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டு வந்தார் பெங்களூர் டாக்டர். அந்த வியாழக்கிழமை சுடலைமுத்துவும் துணைக்குப் போனார். டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்தார், வீங்கிய காலை அமுக்கிப் பார்த்தார், கன்னடத்தில் என்னவோ கேட்டார். மாதப்பன் இல்லையென்று தலையாட்டினான்.

திரும்புகிற பஸ்ஸில் சுடலைமுத்து கேட்டார். "என்னல சொன்னாரு?"

"ரத்தத்துல மூணுல இருந்த கிட்னி உப்பு அஞ்சுக்கு ஏறிடுச்சாம்ணா. ரெண்டு வாரத்துல எறங்கலைன்னா மிஷின்தானாம்."

"நடுவுல ஒண்ணு கேட்டாரே?"

"வலிக்கு எதுனா மாத்திரை போடறியான்னாரு. இல்லைன்னுட்டேன்."

"நித்தம் ரெண்டு முழுங்குதியேல."

"அது கம்பெனி மாத்திரைணா, டீயோட சேர்ந்தது. அதப் போயி மருந்துன்னு சொல்வாங்களா?" மாதப்பன் சிரித்தான்.

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த மனுஷன் சும்மா கேட்டிருக்க மாட்டார். கொடுத்தது யாரென்றும் கேட்பார். கேட்கட்டும். அத்திப்பள்ளியில் பஸ் நின்றதும் எழுந்தார்.

"எறங்குல."

"ஓசூரு இன்னும் வரலியேணா."

"ஓசூரு எங்கயும் ஓடிராது."

அவர்கள் திரும்பிப் போனபோது டாக்டர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தார். "ஐயா, இவன் பொய் சொல்லல. இத மருந்துன்னே நெனைக்கல. ஆறு மாசமா நாந்தான் குடுத்தேன், தெனம் ரெண்டு."

டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் சுடலைமுத்துவுக்கு என்னவோ போலிருந்தது. "நான் குடுக்கறது ரெண்டும் நல்ல மாத்திரை," என்றார் உடைந்த தமிழில். "இதும் சேந்தா மூணும் கிட்னிக்குப் போற ரத்தத்த கொறைக்கும். நல்ல கிட்னியே தாங்காது. இவருது பாதிகூட இல்ல. இன்னிக்கே நிறுத்து. எறங்குமான்னு பாக்கலாம்."

மறுநாள் பத்து மணிக்கு மாதப்பனுக்கு வெறும் டீ. மதியத்துக்குள் அவனால் முதுகை நிமிர்த்த முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு குடுணா."

"செத்தாலும் தரமாட்டேன்."

"நீ செத்தா சாவி எங்கிட்ட வந்துடும். பரவால்ல."

சுடலைமுத்து அவனை மணல் சலிக்க உட்காரவைத்துவிட்டு, அவனோடு ஜோடியாகத் தூக்கும் வெள்ளைச்சாமியோடு அச்சுப்பெட்டியின் மறுமுனையைத் தானே பிடித்தார். ஐம்பது வயசு இடுப்பு முனகியது. முனகட்டும் என்று விட்டுவிட்டார். டீ நேரத்தில் மற்றவர்களிடமும், வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்ட பிறகே பெட்டியைத் திறந்தார். "டாக்டராயிட்டாரு" என்று கேலி பேசினார்கள்.

இரண்டு வாரம் கழித்து உப்பு மூன்றரை. பழைய மூன்றுக்கு வரவில்லை. "இப்போ மிஷின் வேணாம்," என்றார் டாக்டர். எவ்வளவு நாளைக்கென்று இருவருமே கேட்கவில்லை.

திரும்பும் பஸ் காலியாக இருந்தது. மாதப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எடம் இருக்குதே, உக்காரலாமில்ல," என்றார் கண்டக்டர்.

"இந்தக் குலுக்கல்ல உக்காந்தா முதுகு பிடிக்குது சார்."

சுடலைமுத்துவும் சீட்டை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்தார். ஓசூர் வரைக்கும் இரண்டு பேரும் நின்றபடியே வந்தார்கள்.