ஐந்தாம் மாடித் தளம்

கான்கிரீட் போடுவதற்கு வெள்ளிக்கிழமையைத்தான் பொறுக்கியிருந்தார்கள். நகராட்சி அலுவலகம் அன்றைக்குப் பூட்டு. அனுமதி இல்லாமல் எழும்புகிற கட்டடங்களை மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் வீட்டில் படுத்திருப்பார்கள். பிரமிடுகள் இருக்கும் கீசாவில், வட்டச்சாலைக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கும் அந்தச் சந்துகளில் வீடுகளெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான் வளரும்.

உம் ஷவ்கி என்றால் ஷவ்கியின் அம்மா; மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் சந்தே அவளைக் கூப்பிடும். அவள் வீடு நான்கு மாடி. காலமான அவள் கணவர் மூன்று மாடிக்குத்தான் அஸ்திவாரம் போட்டிருந்தார். மகள் ரிதாவுக்குக் கல்யாணம் கூடியபோது நான்காவதை ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் இப்போது ஐந்தாவது, கடைசி மகன் வகீஹுக்காக.

வகீஹுக்கு நிச்சயமான பெண் இனாஸ். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மோதிரம் மாற்றி நாலு வருஷம் ஓடிவிட்டது. அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டன. வகீஹ் குவைத்துக்குப் போய் ஏசி மாட்டிச் சேர்த்துக்கொண்டு வந்தான். அதற்குள் நகரத்தில் வீட்டு விலை அவனை முந்திக்கொண்டு ஓடிவிட்டது. வாடகைக்குப் போகலாமென்றால் சம்பளத்தை அப்படியே வீட்டுக்காரன் கையில் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டும். இனாஸின் அப்பா மஹ்ரூஸ் வேன் ஓட்டுகிறவர், சொன்ன சொல்லில் நிற்கிறவர். "பெருநாளுக்குள்ள தலைக்கு மேல ஒரு கூரையைக் காட்டச் சொல்லு. இல்லேன்னா மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலையில், தரைத்தளத்தில் உம் ஷவ்கியின் அடுப்படியில் நின்று, வேலையாட்களுக்குச் சோறு கிளறிக்கொண்டிருந்தபோது இனாஸ் தன்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தாள். வாசலில் கலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஆட்கள் கலவையைத் தோளில் சுமந்து படியேறினார்கள். முதல் சட்டி மேலே போனபோது பெண்கள் குலவையிட்டார்கள். உம் ஷவ்கி சந்து முழுக்கச் சர்பத் கொடுத்தாள்.

"இந்தா பொண்ணே, உப்பு பாத்தியா? மேல இருக்கிறவனுங்க உப்பு இல்லேன்னா தளத்தைக் கோணலாப் போட்டுட்டுப் போயிடுவானுங்க. அப்புறம் நீதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே குடித்தனம் பண்ணணும்" என்றாள் உம் ஷவ்கி. சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கை கழுவப் போனபோதுதான் இனாஸ் கவனித்தாள். குளியலறைக் கதவு சாத்த மாட்டேனென்றது. காலையில் சாத்திய கதவுதான். தோளால் தள்ளினாள். மேல் ஓரம் நிலையில் இடித்துக்கொண்டு நின்றது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தாள். திரும்பும்போது சுவரில் பதித்திருந்த ஓடு ஒன்று தெறித்துக் காலடியில் விழுந்தது. யாரும் தொடவில்லை. அதுவாகத் தெறித்தது.

நடையில், அலமாரிக்குப் பக்கத்தில், வீட்டின் நடுத் தூண் இருந்தது. அதன் பூச்சில் சாய்வாக ஒரு கோடு. இனாஸ் விரலை வைத்தாள். மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பூச்சுத் துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நடையில் யாருமில்லை. அந்தத் துண்டைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பழைய பூச்சு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எந்த வீட்டில் விரிசல் இல்லை? நாலு வருஷம் காத்திருந்தோம், மதியத்துக்குள் தளம் முடிந்துவிடும், மாலையில் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போவார். இன்னும் கொஞ்ச நேரம். சோறு அடிபிடித்தது அவள் மூக்குக்குத் தெரியவில்லை. காது மட்டும் நடையிலேயே இருந்தது. மெஷின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், காய்ந்த சுள்ளியை யாரோ நிதானமாக முறிப்பது போல.

எட்டிப் பார்த்தாள். வகீஹின் அண்ணன் ஷவ்கியின் சின்ன மகள் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, உதிர்ந்த சுண்ணாம்பை வைத்துப் பொம்மைக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள்.

இனாஸ் பாய்ந்து அவளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"மாமி! வேலையை நிறுத்தச் சொல்லுங்க. தூண் வெடிக்குது."

உம் ஷவ்கியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. "வாயைக் கழுவு. நல்ல காரியம் நடக்கிற இடத்துல என்ன பேச்சு இது?"

"கண்ணால பாத்தேன் மாமி. கதவு சாத்த மாட்டேங்குது."

"கதவு சாத்தலேன்னா ஆசாரியைக் கூப்பிடு. என் புருஷன் வேர்வை சிந்திக் கட்டின வீடு. நீ இன்னும் வலது காலை எடுத்து வைக்கல, அதுக்குள்ள இடிஞ்சு விழுதுங்கிறியா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீடு உனக்குப் போதலேன்னா நேரா சொல்லிடு. இப்படிச் சுத்தி வளைக்காதே."

இனாஸ் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் திணித்துவிட்டுப் படியேறினாள். சுமையோடு ஏறுகிறவர்களை இடித்துக்கொண்டு, அவர்கள் திட்டுவதைக் காதில் வாங்காமல் ஏறினாள். நான்காம் மாடியில் ரிதா வாசலில் நின்று, "என்ன, கல்யாணப் பொண்ணுக்கு அவ்வளவு அவசரம்?" என்று கேட்டாள். இனாஸ் அவளைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினாள்.

மொட்டைமாடியில் எழுப்பியிருந்த புதுத் தூண்களுக்கு மேலே பாதித் தளம் முடிந்திருந்தது. ஈரக் கான்கிரீட் வெயிலில் பளபளத்தது. வகீஹ் முழங்கால் வரை கலவையாக நின்றான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வா வா. நீ நிக்கிறியே, அதுக்குக் கீழதான் நம்ம படுக்கையறை."

"வகீஹ், நிறுத்து. கீழே நடுத் தூண் விரியுது."

மேஸ்திரி ஃபர்காலி சிகரெட்டை உதட்டிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "தம்பி, பொம்பளைங்களைச் சாரத்துல ஏத்தினா இதான் வம்பு. பாதித் தளத்துல நிறுத்தினா ஒட்டு விழும், நாளைக்கு மழை பேஞ்சா உங்க கட்டில் மேல ஒழுகும். அப்புறம் என்னைத் தேடாதீங்க."

"ஒழுகட்டும் மேஸ்திரி" என்றாள் இனாஸ்.

வகீஹ் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "இனாஸ், கெஞ்சிக் கேக்கிறேன். இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நின்னா மறுபடி என்னால முடியாது. ரெண்டு வருஷம் அந்தப் பாலைவன வெயில்ல மாடி மாடியாத் தொங்கினேனே, எல்லாம் இதோ இந்தச் சட்டியிலதான் இருக்கு. உங்கப்பா கிட்ட நான் என்னத்தைச் சொல்வேன்?"

"அப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கீழ வந்து பாரு. பாத்துட்டு நீயே 'போடு'ன்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன். சத்தியம்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

நடையில் அந்தக் கோடு இப்போது கோடாக இல்லை. வகீஹ் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அதற்குள் விட்டான். சாவி முழுசாக உள்ளே போயிற்று. ஷவ்கியும் வந்து சுத்தியலால் பூச்சைத் தட்டினான். பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. உள்ளே கம்பி துருவேறி, வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

"மெஷினை அணைங்கடா!" என்று வகீஹ் கத்தினான்.

மெஷின் நின்றது. சந்து முழுவதும் ஒரே அமைதி. அந்த அமைதியில் வீடு முனகுவதை எல்லோரும் கேட்டார்கள். குலவையிட்ட பெண்களும் கேட்டார்கள், உம் ஷவ்கியும் கேட்டாள். அவள் கையிலிருந்த சர்பத் தட்டு சாய்ந்து கண்ணாடிக் குவளைகள் ஒவ்வொன்றாகத் தரையில் சரிந்தன.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். ஷவ்கி மாடி மாடியாகக் கதவைத் தட்டினான். குடித்தனக்காரர்கள் போட்டது போட்டபடி இறங்கினார்கள். ரிதா கைக்குழந்தையோடு செருப்பில்லாமல் வந்தாள். உம் ஷவ்கி மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தாள். "விழுந்தா என் மேல விழட்டும்" என்றாள். இனாஸ் அவள் விரல்களைப் பிரித்தெடுத்தாள். உம் ஷவ்கி அவள் கையில் அடித்தாள். இனாஸ் அடியை வாங்கிக்கொண்டே, அவளை இடுப்போடு அணைத்துத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்தாள்.

ஃபர்காலி இப்போது சிரிக்கவில்லை. முகம் சாம்பலாகியிருந்தது. "மேல கிடக்கிற பாரம் பெரும் பாரம். இறுகிப்போச்சுன்னா அப்புறம் உடைக்கத்தான் வேணும், உடைச்சா இந்தத் தூண் தாங்காது. ஈரமா இருக்கும்போதே வழிச்சுத் தள்ளணும். ஆனா என் ஆட்களைப் போன்னு நான் சொல்ல மாட்டேன். அவனவனுக்குப் புள்ளகுட்டி இருக்கு."

வகீஹ் மண்வெட்டியை எடுத்தான். ஷவ்கியும் எடுத்தான்.

"நீ போகாதே" என்று இனாஸ் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நிறுத்தச் சொன்னது யாரு? நீதானே? நிறுத்தியாச்சு. இப்ப விடு." அவன் கோபமாகத்தான் சொன்னான். ஆனால் அவள் விரல்களை மெதுவாகத்தான் விலக்கினான். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஃபர்காலியும் சிகரெட்டை நசுக்கிப்போட்டுப் பின்னால் போனார்.

நாலு வருஷக் காத்திருப்பு மேலேயிருந்து மண்வெட்டி மண்வெட்டியாகச் சந்தில் விழுந்தது. ஒவ்வொரு முறை அது தொப்பென்று விழும்போதும் வீடு அதிர்கிறதா என்று சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கீழே அண்டை அயலார் சும்மா இருக்கவில்லை. இரண்டு வீடு தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தவர் தன் முட்டுக்கம்புகளையெல்லாம் கழற்றிக் கொடுத்தார். பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவர்கள் தொழுகை ஆடையோடு அந்தக் கம்புகளைச் சுமந்தார்கள். தூணைச் சுற்றிக் கம்பு மேல் கம்பாக நிறுத்தி ஆப்பு அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டே அடித்தார்கள்.

வீடு விழவில்லை. மூவரும் இறங்கி வந்தபோது வகீஹ் யாரையும் பார்க்காமல், கான்கிரீட் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இனாஸ் தண்ணீர் கொண்டுபோனாள். அவன் வாங்கிக் குடித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வரவில்லை.

மாலையில் மஹ்ரூஸ் சொன்னபடி கூரையைப் பார்க்க வந்தார். சந்தை அடைத்துக் கிடந்த குவியலையும், முட்டுக் கொடுத்து நின்ற வீட்டையும், வெளியே பாயில் உட்கார்ந்திருந்த குடும்பத்தையும் பார்த்தார். இனாஸ் எழுந்து நின்றாள்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன் அப்பா. கூரை இல்லை. இனி இங்க வராது. மோதிரத்தை நான் கழட்ட மாட்டேன்."

மஹ்ரூஸ் வாயைத் திறப்பதற்குள் உம் ஷவ்கி பாயிலிருந்தே குரல் கொடுத்தாள். "அபு இனாஸ், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. உங்க பொண்ணு மேல எனக்குக் கோபம் போகல. போகவும் நாளாகும். என் வீட்டைப் பத்தி அவ சொன்னது என் நெஞ்சுல முள்ளா நிக்குது. ஆனா இவளை வேற எவனுக்காவது கட்டிக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க வாசல்ல வந்து படுத்துக்குவேன். எனக்கு இப்ப வேற இடமும் இல்ல."

மஹ்ரூஸ் தாடியைத் தடவிக்கொண்டே பாயில் இருந்த குழந்தைகளைப் பார்த்தார். பிறகு, "வேன் காலியாத்தான் நிக்குது. பொம்பளைங்களும் புள்ளைங்களும் ஏறுங்க. ராத்திரி எங்க வீட்டுல நெருக்கிப் படுத்துக்கலாம்" என்றார். கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்து பார்த்த பொறியாளர் நான்காம் மாடியையும் இடித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். தூண்களைப் பருமனாக்கி முடித்துக் குடித்தனங்கள் திரும்பி வந்தபோது வீடு மூன்று மாடியாக நின்றது. ரிதாவும் புருஷனும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்குப் போனார்கள். "உனக்கு வீடு இல்லாமப் போனது சரி. எனக்கு இருந்ததும் போச்சே" என்று அவள் இனாஸின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

குளிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. நகரம் முடிந்து வெகுதூரம் தள்ளி, பாலைவனத்தில் புதிதாகக் கட்டியிருந்த குடியிருப்பில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. வரிசையாகக் கட்டடங்கள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. கீழே கடை கிடையாது, பக்கத்தில் மனிதர் கிடையாது. மஹ்ரூஸ் அந்த வழியில் வேன் ஓட்ட ஆரம்பித்தார். மகளுக்காக இல்லை, புது வழியில் நல்ல வரும்படி என்று எல்லோரிடமும் சொன்னார். விடியுமுன் இனாஸும் வகீஹும் அதில் ஏறி நகரத்துக்கு வேலைக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவன் தோளில் தலை சாய்த்து அவள் தூங்கினாள்.