இரண்டாம் பகுதியில் ஓர் ஈ

"அப்பா, பியானோவுக்குள்ள ஈ இருக்கா?"

ஏழு வயது மகள் கேட்ட கேள்வி அது. தனிப் பியானோ இசைக் குறுந்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பகுதியில் கனத்த கீழ்ச்சுரம் விழும்போதெல்லாம் 'ங்ங்' என்று ஏதோ ரீங்கரித்தது. அப்பாவான காதுக்காரருக்கும் அது கேட்டது. எந்தப் பதிவில் ஒலி சுத்தம், எதை நம்பி வாங்கலாம் என்று இசைப் பத்திரிகையில் மாதாமாதம் எழுதுகிறவர் அவர். காதுக்காரர் என்பது வாசகர்கள் வைத்த பெயர். மகளின் கேள்வி வெல்லமாக இனித்தது. தட்டை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். "வாசித்தவர் மேதை, பதிவு செய்தவரோ பியானோவுக்குள் ஓர் ஈயை விட்டு மூடிவிட்டார்" என்று எழுதினார்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிப்பதிவாளருக்கு 'ஈக்காரர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பியானோக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பேருந்து நிலைய அறிவிப்புகளைப் பதிந்து அவர் காலம் தள்ளுவதாகக் கேள்வி. காதுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஒலித்தரத்தில் சிறந்த பத்துத் தனிப் பியானோ பதிவுகளைப் பட்டியலிடும்படி பத்திரிகை கேட்டது. ஒன்பது கிடைத்துவிட்டன. பத்தாவதைத் தேடி தட்டுகள் அடுக்கிய அலமாரியைக் குடைந்தபோது அந்தத் தட்டு கையில் வந்தது. ஒரு விளையாட்டாகப் போட்டார். இரண்டாம் பகுதி வந்தது. கீழ்ச்சுரம் விழுந்தது, கிணற்றில் கல் விழுந்தாற்போல ஆழமாக. ஈ இல்லை. மறுபடி போட்டார். அப்போதும் இல்லை.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தரையில் மரக்கால்கள் அழுந்திய நான்கு தடங்கள் தெரிந்தன. அங்கே நின்ற கண்ணாடி அலமாரியைப் போன வாரம்தான் மகள் தன் புது வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள்.

தட்டோடு நேரே மகள் வீட்டுக்குப் போனார்.

"என்னப்பா, சாப்பிடாமகூட ஓடி வந்திருக்கீங்க?"

"சாப்பாடு இருக்கட்டும். இதைக் கொஞ்சம் சத்தமா போடும்மா."

'ங்ங்' என்றது. மகள் சத்தம் வந்த பக்கம் எழுந்து போய் அலமாரிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் நின்றது. கையை எடுத்தாள், ஈ திரும்பி வந்தது.

"அட, ஈ நம்ம வீட்டு ஈயாப்பா!" என்று சிரித்தவள், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா வேற எந்த தட்டுக்கும் இது இப்படி கத்தினதில்லையே?"

"வேற யாரும் கீழ்ச்சுரத்தை இவ்வளவு முழுசா பிடிச்சதில்லைம்மா" என்றார் அவர்.

தன் தவறைப் பத்தியிலேயே எழுதப் போவதாக அவர் சொன்னதும், பத்திரிகை ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "காது சார், பதினஞ்சு வருஷத்துக் கதை யாருக்கு ஞாபகம் இருக்கு? நீங்களா போய் ஏன் வாயைக் குடுத்து மாட்டிக்கிறீங்க? உங்க காதை நம்பித்தான் அந்தப் பக்கமே ஓடுது."

"நம்பினாங்களே, அதுக்காகத்தான் எழுதணும்."

"சரி, எழுதுங்க. பத்தாவதா போட்டுட்டு ரெண்டு வரி சேர்த்துக்கோங்க."

எழுதும் முன் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட நினைத்து, ஒலிப்பதிவாளரின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "மன்னிச்சிடுங்க" என்றார்.

"நீங்க எழுதினப்புறம் நான் மூணு நாள் பதிவு பண்ணின ஹால்ல உட்கார்ந்து ஈயைத் தேடினேன் சார்" என்றார் ஒலிப்பதிவாளர். "விளக்கைக் கழட்டினேன், நாற்காலியைக் கழட்டினேன். ஒண்ணும் கேக்கல. கடைசியில என் காதுதான் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்ப என் காது நல்லாத்தான் இருந்திருக்கு, இல்ல?"

"என் காதைவிட நல்லா இருந்திருக்கு."

"போகட்டும் விடுங்க. கடைசிப் பகுதி முடிஞ்சதும், வாசிச்சவர் பெடல்லேர்ந்து காலை எடுக்கிறது மெல்லிசா கேக்கும். வெட்டச் சொன்னாங்க, நான் வெட்டல. நீங்க கவனிச்சிருப்பீங்களே?"

இரண்டாம் பகுதியைத் தாண்டிக் காதுக்காரர் போனதே இல்லை. ஒரு மனிதனின் வேலையைப் பாதி கேட்டு முழுத் தீர்ப்பு எழுதியிருந்தார்.

"கவனிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தொலைபேசியை அணைத்தார். கண்மூடிக் கடவுளை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு தட்டைப் போட்டார். கையில் பேனா இல்லை. அறுபத்தொரு நிமிடமும் அசையாமல் இருந்தார். கடைசிச் சுரம் தேய்ந்து மறைந்தபின், யாரோ ஒருவர் காலை மெதுவாக எடுப்பது கேட்டது.

இயந்திரம் தானாக நிற்கும்வரை அவர் எழவில்லை. பிறகு பட்டியலை எடுத்து, அந்தத் தட்டுக்கு எதிரே எழுதியிருந்த பத்து என்ற எண்ணை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதினார்.